டப்பெட் சத்தமே இல்லாத மாருதி: ஹெட் இறக்கிய கதை

மருதமலைப் படியேறும் வயதைத் தாண்டிவிட்டார் அம்மா. அதனால் காரில்தான் போவோம். என் மாருதி 800, 1998 மாடல், நாலு கியர், கார்பரேட்டர் வண்டி. கேஸ் கிட் போட்டது. போன வருடம் தைப்பூசம் கழிந்த ஒரு செவ்வாய்க்கிழமை, பாதி மலையில் இரண்டாம் கியரில் முனகி, முதல் கியருக்கு வந்து, அதிலும் உதறிக்கொண்டே ஏறியது. "வண்டிக்கும் எனக்கும் ஒரே வியாதி போலிருக்கு" என்றார் அம்மா. கீழே இறங்கிச் சமதரையில் நிறுத்தினால் ஸ்டியரிங் கையில் குதிக்கிறது. மூன்று சிலிண்டர் இன்ஜினில் ஒன்று வேலை செய்யாவிட்டால் நாலு சிலிண்டர் வண்டி போல லேசாகத் துடித்துவிட்டுச் சும்மா இருக்காது. மொத்த வண்டியும் ஆடும்.

அது மீண்டும் மலை ஏறும் வரைக்கும் ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அதில் முதல் மூன்று வீண். எனக்கு ஒர்க்‌ஷாப் கிடையாது. கோவையில் வீட்டுக்கு முன்னால் ஒரு தகரக் கொட்டகை, ஒரு செட் ஸ்பானர், பொறுமையில்லாத குணம், இவ்வளவுதான்.

மிஸ்ஸிங், அதாவது ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டுப்போவது, என்றவுடன் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். பிளக் மூன்றும் புதிது: 390 ரூபாய். பிளக் வயர் செட்: 650. சரியாகவில்லை. கார்பரேட்டர் கழற்றி, ரிப்பேர் கிட் 480 ரூபாய்க்கு வாங்கிப் போட்டு, ஜெட்டுகளை ஊதிச் சுத்தம் செய்து மாட்டினேன். ஒரு முழு ஞாயிறு போனது. கை நாற்றம் போக இன்னொரு நாள். வண்டி அதேபோல் ஆடியது. பெட்ரோலிலும் ஆடுகிறது, கேஸிலும் ஆடுகிறது என்பதைப் பார்த்தபோதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். இரண்டு எரிபொருளிலும் ஒரே நோய் என்றால் கார்பரேட்டரை ஏன் தொட வேண்டும்?

அப்புறம்தான் ஒரு காசு செலவில்லாத சோதனையைச் செய்தேன். இன்ஜினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, ஒவ்வொரு பிளக் வயராகப் பிடுங்குவது. பெல்ட் பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. முதல் வயரைப் பிடுங்கினால் இன்ஜின் சாகப் பார்க்கிறது. மூன்றாவதும் அப்படியே. இரண்டாவதைப் பிடுங்கினால் எந்த மாற்றமும் இல்லை. பிடுங்கும்போது சாதாரண கொறடாவைப் பயன்படுத்தி ஒரு அடி வாங்கினேன். முழங்கை வரை வந்தது. ரப்பர் கைப்பிடி போட்ட கொறடா இருந்தால் மட்டும் செய்யுங்கள். பிடுங்கிய வயரை அந்தரத்தில் விடாமல் ஒரு பழைய பிளக்கைச் சொருகி இன்ஜின் உடம்பில் படும்படி வையுங்கள். இரண்டாவது பிளக்கை ஒன்றாவதில் மாற்றிப் போட்டேன். கோளாறு இரண்டாவதிலேயே நின்றது. வயரை மாற்றினேன். அப்போதும் இரண்டாவதுதான். ஆக, கரண்டு வருகிறது, பெட்ரோல் வருகிறது, பிளக் நனைந்தே இருக்கிறது. மிச்சம் இருப்பது கம்ப்ரஷன், சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம்.

கம்ப்ரஷன் கேஜ் ஒன்று நண்பனிடம் இரவல் வாங்கினேன். கூம்பு மாதிரி ரப்பர் முனை, பிளக் ஓட்டையில் அழுத்திப் பிடிக்கும் வகை. ஒருவர் பிடிக்க, ஒருவர் செல்ஃப் அடிக்க வேண்டும். மகள் சாவியில் உட்கார்ந்தாள். கிடைத்த எண்கள் 110, 50, 105 பி.எஸ்.ஐ. மூன்றுமே குறைவு. 'இன்ஜின் முடிந்தது, போர் பண்ணணும், பிஸ்டன் மாத்தணும்' என்று மனசு உட்கார்ந்துவிட்டது. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் விசாரித்தேன். இன்ஜினை இறக்க 28,000 என்றார்கள். வண்டியின் விலையே அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

தவறு கேஜில் இல்லை, என்னிடம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லாமல் விட்டிருந்தேன். ஆக்ஸிலரேட்டர் திறக்கும் காற்றுக் கதவான திராட்டில் மூடியிருந்தால் சிலிண்டருக்குள் காற்றே சரியாகப் போகாது, போகாத காற்றை எதை வைத்து அமுக்குவது? கூடவே பேட்டரி வேறு மூன்று நாளாகச் செல்ஃப் அடித்து அடித்துச் சோர்ந்திருந்தது. இரவு முழுக்கச் சார்ஜ் போட்டேன். 1,150 ரூபாய்க்கு மரை போட்டுத் திருகும் வகை கேஜை வாங்கினேன். 14 மி.மீ. மரை, பிளக் போலவே கையால் திருகினால் போதும். காயிலுக்குப் போகும் மெல்லிய வயரைக் கழற்றிவிட்டு, மூன்று பிளக்குகளையும் எடுத்துவிட்டு, இன்ஜின் சூடாக இருக்கும்போதே, மகள் ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதிக்க, ஒவ்வொன்றுக்கும் ஆறு சுற்று. இப்போது 160, 75, 155.

எண்ணைவிட முள் ஏறும் விதம் முக்கியம். நல்ல சிலிண்டர்களில் முதல் அடியிலேயே முள் பாதிக்கு மேல் போய், மூன்று நாலு அடியில் உச்சிக்கு வந்துவிட்டது. இரண்டாவதில் முதல் அடி 30. அப்புறம் தயங்கித் தயங்கி 75இல் நின்றது. மேனுவலில் என்ன எண் போட்டிருந்தாலும், பக்கத்துச் சிலிண்டருக்கும் இதற்கும் பாதிக்குப் பாதி வித்தியாசம் இருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை.

அடுத்தது ஈரச் சோதனை. ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயிலைப் பிளக் ஓட்டை வழியாக விட்டு, ஒன்றிரண்டு முறை செல்ஃப் அடித்துவிட்டு மறுபடி அளப்பது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடுக்கை அடைக்கும், எண் மளமளவென்று ஏறும். இரண்டாவது 75இலிருந்து 78 ஆனது. அவ்வளவே. ரிங் தப்பித்தது, 28,000 தப்பித்தது. மிச்சம் காற்றை உள்ளே விட்டுப் புகையை வெளியே விடும் வால்வ், அல்லது சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட்.

இந்த இடத்தில் நேராக ஹெட்டைக் கழற்றியிருக்கலாம். ஆனால் எந்த வால்வ் என்று தெரியாமல் கழற்ற மனமில்லை. ஒரு பழைய பிளக்கை எடுத்து, பீங்கானைச் சுத்தியலால் தட்டி உடைத்து எடுத்தேன். வெறும் இரும்புக் கூடு மட்டும் மிச்சம். ஆவாரம்பாளையம் பக்கம் ஒரு லேத் பட்டறை அண்ணனிடம் கொடுத்து, அதன் தலையில் டயருக்குக் காற்றடிக்கும் இரும்பு வால்வ் ஒன்றைப் பித்தளை வைத்து ஒட்டச் சொன்னேன். 60 ரூபாய். அதைப் பிளக் இருக்கும் இடத்தில் திருகினால், காலால் மிதிக்கும் டயர் பம்ப்பிலிருந்து நேராகச் சிலிண்டருக்குள் காற்றை அனுப்பலாம். பிஸ்டன் மேலே, இரண்டு வால்வும் மூடிய நிலையில் இருக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, ரோட்டர் இரண்டாம் வயரின் முனையைப் பார்க்கும் வரை இன்ஜினைச் சுற்றினேன். நாலாம் கியரில் போட்டு வண்டியைத் தள்ளினால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும். பிளக் ஓட்டைக்குள் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரைச் சாய்க்காமல் விட்டு, அது மேலே வந்து நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டேன். கியரை விடாமல் ஹேண்ட்பிரேக் போட்டேன்.

பம்ப்பை மிதித்தால் காற்று எங்கே போகிறது என்று கேட்பதுதான் இந்தச் சோதனை. கார்பரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வ். ஆயில் ஊற்றும் மூடியில் வந்தால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட். சைலன்சரில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வ். எனக்கு வந்தது இந்த நாலில் ஒன்றுமில்லை. மூன்றாவது சிலிண்டரின் பிளக் ஓட்டையில் "புஸ்" என்று வந்தது!

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் கேஸ்கெட் வெடித்துவிட்டது என்று முடிவு கட்டி, கடைக்குக் கிளம்பி, பாதி வழியில்தான் ஒன்று உறைத்தது. இந்த இன்ஜின் எரியும் வரிசை 1-3-2. இரண்டாவது மேலே நிற்கும்போது, அதற்கு முன்னால் எரிந்த மூன்றாவது, புகை தள்ளும் கட்டத்தில் இருக்கும். அதன் எக்ஸாஸ்ட் வால்வ் திறந்தே இருக்கும். இரண்டாவதின் எக்ஸாஸ்ட் வால்வ் ஒழுகினால் காற்று மூன்று சிலிண்டரின் புகையும் சேரும் மேனிஃபோல்டுக்குள் போய், திறந்திருக்கும் மூன்றாவது வழியாக ஏறி, பிளக் இல்லாத ஓட்டை வழியாக வெளியே வரும். சைலன்சர் வரைக்கும் போக அதற்கு என்ன அவசியம்? திரும்பி வந்து, ஒன்றிலும் மூன்றிலும் பிளக்கைத் திருகினேன். சைலன்சர் வாயில் மளிகைக்கடைப் பிளாஸ்டிக் பை ஒன்றை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன். பம்ப்பை இருபது மிதி மிதித்தபோது பை மெல்ல உப்பியது. எனக்கு அன்றைக்குக் கிடைத்த சந்தோஷம் தீபாவளிக்குக்கூட வந்ததில்லை. மகள் படம் எடுத்து வைத்திருக்கிறாள்.

எக்ஸாஸ்ட் வால்வ்தான் என்று தெரிந்த பிறகு டப்பெட் கவரை, அதாவது வால்வுகளைத் தள்ளித் திறக்கும் டப்பெட்டுகளின் மேல்மூடியை, கழற்றினேன். இந்த வண்டியை வாங்கி நாலு வருடம், ஏறக்குறைய 18,000 கிலோமீட்டர், முக்கால்வாசி கேஸில். இத்தனை நாளில் அந்தக் கவரை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. திறக்கக் காரணமும் இல்லை என்று நினைத்தேன். டப்பெட் சத்தமே கிடையாது. சர்வீஸுக்கு விட்ட இடத்தில்கூட, "இன்ஜின் பட்டு மாதிரி ஓடுதுங்க" என்று பாராட்டுவார்கள். நானும் பெருமையாகத் தலையாட்டுவேன்.

160 ரூபாய் ஃபில்லர் கேஜை, மெல்லிய அளவுத் தகடுகளின் கட்டை, எடுத்து வால்வுக்கும் டப்பெட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார்த்தேன். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது எக்ஸாஸ்டுக்கு 0.20 மி.மீ. வைக்கச் சொல்லி லேத் அண்ணன் கணக்குக் கொடுத்திருந்தார், இன்லெட்டுக்கு 0.15. ஒன்றாவதின் எக்ஸாஸ்டில் 0.10 தகடு இறுக்கமாகப் போனது. மூன்றாவதில் 0.08. இரண்டாவதில் என்னிடம் இருந்த மிக மெல்லிய 0.04 தகடுகூட நுழையவில்லை. சுத்தமாக இடைவெளியே இல்லை. அதாவது வால்வ் முழுதாக உட்காரவே இல்லை. உட்கார்ந்தால்தான் அதன் சூடு சீட்டுக்கு, அது உட்காரும் வளையத்துக்கு, இறங்கும். உட்காராத வால்வ் அடுப்பில் மறந்த கரண்டி.

இதைச் சொன்னதும் லேத் அண்ணன் கேட்ட முதல் கேள்வி: "ஏனுங்க தம்பி, கேஸ்ல ஓட்டுனீங்களா?" ஆமாம் என்றேன். "கேஸ் வறட்டுத் தீங்க. பெட்ரோல் கொஞ்சமாவது நனைக்கும். இதுல சீட்டு தேஞ்சு வால்வு மேல ஏறிக்கும். ஏற ஏற டப்பெட் கேப்பு குறையும். சத்தமும் குறையும். நீங்க இன்ஜின் நல்லாருக்குன்னு நெனச்சுக்குவீங்க." சத்தம் வந்தால் பயப்படுவோம். இங்கே சத்தம் போனதுதான் அபாயம்.

ஒரு நப்பாசையில் இடைவெளியைச் சரிசெய்து பார்த்தேன். லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைத் திருப்பி 0.20 வைத்து, மறுபடி கம்ப்ரஷன் பார்த்ததில் 75 என்பது 90 ஆனது. அதற்கு மேல் ஏறவில்லை. வால்வ் ஏற்கெனவே கருகியிருக்கிறது. ஹெட் இறங்கியே ஆக வேண்டும்.

கழற்றியதை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் பின்னால் கேஸ் சிலிண்டரின் வால்வை மூடி, குழாயில் இருந்த கேஸ் தீரும் வரை இன்ஜினை ஓட்டி அணையவிட்டேன். இதை மறந்து வேலை செய்யக்கூடாது. பேட்டரி நெகட்டிவ் கழற்றினேன். கூலன்ட் இறக்கினேன். பழுப்பு நிறம், பார்க்கச் சகிக்கவில்லை. ஏர் கிளீனர், ஆக்ஸிலரேட்டர் கேபிள், ரேடியேட்டர் ஹோஸ், வயர்கள். ஒவ்வொரு வயரிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எண் எழுதினேன். பிளக் வயர்களுக்கு மட்டும் எழுதவில்லை, 'மூணே மூணுதானே' என்று. அதன் பலனைப் பிறகு சொல்கிறேன். டைமிங் பெல்ட்டைக் கழற்றும் முன் இரண்டு புல்லிகளின் குறிகளையும் நேராக வைத்து, மகளின் நெயில் பாலிஷால் பெல்ட்டிலும் புல்லியிலும் கோடு போட்டுப் படம் எடுத்தேன். கார்பரேட்டரும் இன்லெட் மேனிஃபோல்டும் ஹெட்டோடு சேர்ந்தே வரட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு பெஞ்சில் வைத்துக் கழற்றுவது எளிது.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில்தான் மாட்டினேன். ஒரு நட்டு சுற்றியது போல இருந்தது. சுற்றியது நட்டு இல்லை, அது மாட்டியிருந்த தலையில்லாத போல்ட்டான ஸ்டட். முறிந்து ஹெட்டின் முகத்தோடு சமமாக நின்றது. கை டிரில் எடுத்து நடுவில் துளை போட முயன்றேன். இரும்பு கடினம், சுற்றியிருக்கும் அலுமினியம் மென்மை. டிரில் வழுக்கி ஓரத்துக்குப் போய்விட்டது. இரண்டு மி.மீ. போனதும் நிறுத்தினேன். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் மரையே போயிருக்கும். கடைசியில் லேத் அண்ணன் முறிந்த ஸ்டட்டின் தலையில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்து, அந்தச் சூட்டிலேயே ஸ்பானர் போட்டுத் திருப்பி எடுத்தார். ஐந்து நிமிட வேலை, 250 ரூபாய். முதல்நாள் இரவே டபிள்யூடி-40 அடித்து ஊறவிட்டிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

ஹெட் போல்ட்டுகளை வெளியிலிருந்து நடுவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி எடுத்தேன். ஹெட்டைப் புரட்டிப் பார்த்தால், இரண்டாவதின் எக்ஸாஸ்ட் வால்வ் ஓரத்தில் வாழையிலையை நகத்தால் கிள்ளியது போல ஒரு பள்ளம். சுற்றிலும் வெள்ளைச் சாம்பல் நிறம். மற்ற இரண்டும் பழுப்பு. சிலிண்டர் சுவரைத் தடவினேன். மேல் ஓரத்தில் நகம் லேசாக மட்டுமே தட்டியது, கீறல் எதுவும் இல்லை. ஈரச் சோதனை சொன்னது சரி. பிஸ்டனைத் தொடவில்லை. ஒவ்வொரு சிலிண்டரிலும் துணியை அடைத்துவிட்டு, மேலே இருந்த பழைய கேஸ்கெட்டை மட்டும் பிளாஸ்டிக் பட்டையால் சுரண்டினேன். அலுமினிய ஹெட்டில் இரும்புப் பிளேடு போட வேண்டாம்.

வால்வ் ஸ்பிரிங் அமுக்க அதற்கென்று ஒரு கருவி உண்டு. நான் ஒரு ஜி கிளாம்ப்பும், பக்கத்தில் ஜன்னல் போல வெட்டிய இரும்புக் குழாய்த் துண்டும் வைத்துச் சமாளித்தேன். குழாய் ஸ்பிரிங் தலையில் உட்காரும், ஜன்னல் வழியாகச் சின்ன லாக்குகளைக் காந்தத்தால் எடுக்கலாம். ஒரு வால்வுக்கு இரண்டு, மொத்தம் 12 லாக்குகள். பதினொன்றாவது பறந்துவிட்டது. ஒரு மணி நேரம் தேடினோம். அது என் செருப்புக்குள் இருந்தது. வால்வுகளை மாற்றிப் போடாமல் இருக்க ஒரு அட்டையில் ஆறு ஓட்டை போட்டு, எண் எழுதி, வரிசையாகச் சொருகி வைத்தேன்.

ஹெட்டின் முகம் சமமாக இருக்கிறதா என்று ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பார்த்தேன். நடுவில் ஓர் இடத்தில் 0.05 தகடு தாராளமாகப் போனது, 0.10 போகவில்லை. வளைவு பெரிதில்லை, ஆனால் இறக்கியது இறக்கியாயிற்று என்று லேசாக முகம் பிடிக்கச் சொன்னேன், 500 ரூபாய். ஆறு சீட்டுகளையும் கட்டர் போட்டுச் சரிசெய்ய 900. இரண்டாவதின் எக்ஸாஸ்ட் கைடில், வால்வ் தண்டு போகும் குழலில், வால்வ் ஆடியது, அதை மட்டும் மாற்ற 250. பட்டறையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். டீ அவர் செலவு.

புது எக்ஸாஸ்ட் வால்வ் மூன்று, பழைய இன்லெட் மூன்று. இவற்றைப் பேஸ்ட் போட்டுத் தேய்ப்பது என் வேலை. நான் ஆர்வக்கோளாறில் கரடுமுரடான பேஸ்ட்டைப் போட்டு ஒரு வால்வுக்குக் கால் மணி நேரம் உருட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் பார்த்துவிட்டு, "போதுங்க தம்பி. சீட்டை உருவாக்கறது கட்டரு. பேஸ்ட்டு உட்கார்ந்துச்சான்னு பாக்கறதுக்கு" என்றார். சரி என்று மெல்லிய பேஸ்ட்டுக்கு மாறினேன். ரப்பர் முனைக் குச்சியை வால்வ் தலையில் ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மோர் கடைவது போல உருட்டி, பத்து உருட்டலுக்கு ஒருமுறை வால்வைத் தூக்கிக் கொஞ்சம் திருப்பி வைப்பது. சுற்றிலும் ஒரே அகலத்தில், ஒன்றரை மி.மீ.க்குள், மங்கலான சாம்பல் வளையம் வந்தால் முடிந்தது. எங்காவது அந்த வளையம் விட்டுப்போனால் இன்னும் உட்காரவில்லை. கடைசியில் மண்ணெண்ணெய் போட்டு ஒரு துகள் பேஸ்ட்கூட இல்லாமல் கழுவ வேண்டும். இதில் சோம்பல் கூடாது. அது தேய்க்கும் பொருள், உள்ளே போனால் சிலிண்டரையும் தேய்க்கும்.

புது சீல்களைப் போட்டு வால்வுகளை மாட்டியதும் ஹெட்டைச் சாய்த்து, போர்ட்டுகளில் பெட்ரோல் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்தேன். எக்ஸாஸ்ட் மூன்றும் காய்ந்தபடி இருந்தன. மூன்றாவதின் இன்லெட்டில் மட்டும் ஓரத்தில் ஈரம் கசிந்தது. அதை மட்டும் மறுபடி கழற்றித் தேய்த்தேன். இந்தப் பத்து நிமிடச் சோதனையை விட்டிருந்தால் எல்லாம் மாட்டிய பிறகு அழுதிருப்பேன்.

மாட்டுவது கழற்றுவதைவிடச் சீக்கிரம் முடிந்தது. பிளாக்கில் போல்ட் ஓட்டைகளுக்குள் ஆயில் தேங்கியிருந்ததைத் துணிவிட்டு உறிஞ்சினேன், இல்லாவிட்டால் போல்ட் இறுகியது போல் பொய் சொல்லும். புது கேஸ்கெட், புது டைமிங் பெல்ட். 2,100 ரூபாய்க்கு வாங்கிய டார்க் ரெஞ்ச்சால் ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றில்: 20, 40, கடைசியில் 58 நியூட்டன் மீட்டர். பிறகு டைமிங் குறிகளைச் சேர்த்து, இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகள் மறுபடி சேர்கின்றனவா என்று பார்த்தேன். எங்கும் தட்டவில்லை. ஒவ்வொரு சிலிண்டரையும் அதன் மேல் நிலைக்குக் கொண்டுவந்து டப்பெட் வைத்தேன். ரோட்டர் எந்த வயரைப் பார்க்கிறதோ அந்தச் சிலிண்டர், வேறு குழப்பம் இல்லை. லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே கொஞ்சம் திரும்பும். அதனால் இறுக்கிய பிறகு மறுபடி தகடு விட்டுப் பார்க்க வேண்டும். ஆறில் நாலை நான் இரண்டாம் முறை வைத்தேன்.

செல்ஃப் அடித்தேன். கார்பரேட்டர் வழியாகப் "பட்" என்று ஒரு வெடி. மறுபடி அடித்தால் மறுபடி வெடி. டைமிங் போய்விட்டது என்று பெல்ட் கவரைக் கழற்றக் கை போனது. மகள்தான், "அப்பா, இந்த மூணு வயருக்கு மட்டும் நீங்க நம்பர் எழுதலையே" என்றாள். இரண்டும் மூன்றும் இடம் மாறியிருந்தன. மாற்றினேன். அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது.

ஓடிய முதல் சத்தமே டிக் டிக் டிக். மெல்லிய தையல் மெஷின் சத்தம். நாலு வருடமாக இந்த வண்டியில் நான் கேட்காதது. "என்னப்பா, புதுசா சத்தம் வருது, மறுபடி கெட்டுப்போச்சா?" என்றாள் மகள். அது வரவேண்டிய சத்தம் என்றேன். நம்பவில்லை. கேஜ் போட்டுக் காட்டினேன்: 165, 160, 163.

செலவுக் கணக்கு. வீணாகப் போனது பிளக், வயர், கார்பரேட்டர் கிட் சேர்த்து 1,520. கருவிகள் கேஜ், ஃபில்லர் கேஜ், டார்க் ரெஞ்ச், பேஸ்ட்டும் குச்சியும் 3,630. சாமான்கள் 3,920: எக்ஸாஸ்ட் வால்வ் மூன்று 630, சீல் செட் 260, ஹெட் கேஸ்கெட் 520, மேனிஃபோல்ட் கேஸ்கெட்டுகள் 180, டைமிங் பெல்ட் 560, கூலன்ட் 480, ஆயிலும் ஃபில்டரும் 1,290. லேத் பட்டறைக்கு மொத்தம் 1,960. ஆக 11,030. 28,000 கேட்ட இடத்தில் விட்டிருந்தால் கெடாத பிஸ்டனையும் மாற்றியிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, 110, 50, 105 என்று தப்பான எண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

ஓட்டி 1,000 கிலோமீட்டரில் டப்பெட் கவரை மறுபடி திறந்தேன். எக்ஸாஸ்ட் மூன்றும் 0.20இலிருந்து 0.18க்கு வந்திருந்தன. புது சீட் படிவதற்குக் கொஞ்சம் குறையும் என்று அண்ணன் முன்பே சொல்லியிருந்தார். மறுபடி 0.20 வைத்தேன். 5,000இல் பார்த்தபோது 0.19. கேஸில் ஓட்டுவதை நிறுத்தவில்லை, பெட்ரோல் விலைக்கு அது முடியாது. காலையில் ஸ்டார்ட் செய்வதும், வீடு வந்து அணைக்கும் முன் கடைசி இரண்டு கிலோமீட்டரும் பெட்ரோலில். அது வால்வைக் காப்பாற்றுகிறதா இல்லையா என்பதை ஃபில்லர் கேஜ்தான் சொல்ல வேண்டும். கவர் உள்பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டி, தேதி, கிலோமீட்டர், ஆறு எண்கள் எழுதி வருகிறேன்.

மலைக்கும் போய் வந்தாயிற்று. இரண்டாம் கியரிலேயே ஏறியது. அம்மா வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, முழங்காலைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்.

ஒரு வேலை பாக்கி. டப்பெட் கவரின் ரப்பர் கேஸ்கெட் 70 ரூபாய். பழையது நன்றாகத்தானே இருக்கிறது என்று அதையே போட்டேன். இப்போது பின் மூலையில் ஆயில் கசிந்து எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சொட்டி, சிக்னலில் நின்றால் தீய்ந்த வாடை வருகிறது. கேஸ்கெட் வாங்கி டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு.